கானில் அள்ளிய தண்ணீர்

தம்பி செத்துப்போனால் அதற்குக் காரணம் நான்தான் என்று என் ஒன்பதாவது வயதில் மூன்று மாதம் நம்பிக்கொண்டு திரிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அடிப்பாள் என்பது ஒரு பயம். அடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

கண்டிக்குப் பக்கத்தில், பன்விலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். பன்னிரண்டு வீடுகள் ஒன்றோடொன்று முதுகை ஒட்டிக்கொண்ட லயத்தில் ஏழாவது வீடு எங்களுடையது. வீடு என்றால் காம்பரா என்கிற ஒரே அறை, முன்னால் அடுப்பு வைத்த இஸ்தோப்பு என்கிற திண்ணை. அதற்குள் அப்பா, அம்மா, நான், தம்பி, பிறகு அம்மாவின் தம்பியான மாமா. மாமாவுக்குக் கல்யாணமாகவில்லை. "பொண்ணு கெடைக்கும், அவள ஒக்கார வைக்க எடம் கெடைக்காது" என்பார். தோட்டத்து மருந்துக்காரரைப் பற்றியும் ஒரு பேச்சு வைத்திருந்தார். "அவருகிட்ட மருந்து ஒன்னுதான், போத்தலுதான் வேற வேற." இப்படி எதையாவது சொல்லிவிட்டு, தான் சிரிக்காமல் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தம்பிக்கு அப்போது நான்கு வயது. மாமாவின் வாய் அவனுக்கு வந்துவிட்டது என்று லயத்தில் சொல்வார்கள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகும் பெண்களை வழிமறித்து விசாரிப்பான். "எங்க போறீங்க? நேத்துந்தானே பறிச்சீங்க, இன்னைக்கும் என்னத்துக்கு?" அவர்களும் நின்று பதில் சொல்வார்கள். "நீ பெரியவனாகி துரைகிட்ட இதையே கேளு ராசா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள்.

கலவரம் என்ற சொல்லை அந்த வாரம்தான் முதலில் கேட்டேன். மத்தியானம் டவுன் பக்கம் ஒரு புகை எழும்பியது. காற்றில்லாத வெயிலில் அது கம்பம் நட்ட மாதிரி நேராக நின்றது. யாரோ காடு கொளுத்துகிறார்கள் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே இன்னொரு கம்பம் எழும்பியது. அதற்குப் பிறகு யாரும் காடு என்று சொல்லவில்லை.

கங்காணி லயம் லயமாக ஓடி வந்தார். "சட்டி பானையப் பாக்காதீங்க. புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மேல் மலைக்கு ஏறுங்க."

தேயிலை முடிகிற இடத்துக்கு மேலே ஆளுயர மானாப்புல். அதற்குள் போய்ப் படுத்தோம். புல் கையையும் முகத்தையும் கீறியது. எங்கள் லயமும் கீழ் லயமும் சேர்ந்து எழுபது எண்பது பேர் இருப்போம். தீபாவளிக்குக்கூட அத்தனை பேர் ஒரே இடத்தில் கூடியதில்லை. ஒரு சத்தமும் இல்லை. கீழே ரோட்டில் ஒரு லொறி நின்றது. ஆட்கள் இறங்கிப் பேசுவதும் தகரத்தைத் தட்டுவதும் கேட்டது. பேசியது சிங்களத்தில். எங்களுக்குச் சந்தையில் மரக்கறி விற்கும் அதே பேச்சுத்தான், ஆனால் அன்றைக்கு அது வேறு பாஷையாக இருந்தது.

தம்பிக்கு அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் தவித்தது. "அம்மா தண்ணி" என்றான். அம்மா அவன் வாயைப் பொத்தினாள். அவன் கடித்தான். அம்மா கையை எடுக்கவில்லை. மூக்கால் மூச்சை இழுத்து இழுத்து அவன் முகம் கருத்தது. பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெண், "அடக்கு தாயி, அடக்கு, இல்லாட்டி எல்லாரும் சாகணும்" என்று முணுமுணுத்தாள். அம்மாவின் விரல்களுக்கிடையே ரத்தம் வந்தது. அது யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பாம்பு மாதிரி ஊர்ந்து தேயிலைக்குள் இறங்கினேன். தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே, தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்காலைக் கான் என்போம். அதன் குழியொன்றில் மேலேயிருந்து கசிந்த தண்ணீர் கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. மேலே சருகு, சருகுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே என்னவோ துள்ளியது. அதையெல்லாம் விலக்கி இரண்டு கையாலும் அள்ளி, முழங்காலால் ஊர்ந்து வந்தேன். பாதி வழியில் சிந்தியது. மிச்சத்தைத் தம்பி குடித்தான். இன்னொரு தடவை போய் அள்ளி வந்தேன். அதையும் குடித்துவிட்டு அம்மாவின் மடியில் கண்ணை மூடினான்.

அம்மா என்னைப் பார்த்தாள். எங்கேயிருந்து கொண்டுவந்தாய் என்று கேட்கவில்லை. தலையில் கையை வைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. லொறி இன்னும் ரோட்டில்தான் நின்றது. ஆனாலும் பெருமையாக இருந்தது.

மறுநாள் இறங்கி வந்தபோது எங்கள் லயம் அப்படியே இருந்தது. கீழ் லயத்தில் இரண்டு காம்பரா கரியாகிக் கிடந்தது. எங்களிடம் போனது ஐந்து கோழிகள். "நம்மளவிட நம்ம கோழிதான் அவங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றார் மாமா. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அம்மா அன்றே எங்கள் இருவரையும் அடுப்பங்கரையில் உட்கார வைத்து ஒரு சட்டம் போட்டாள். ஊரடங்குச் சட்டத்தை எடுத்த பிறகும் அந்தச் சட்டத்தை அவள் எடுக்கவில்லை. "வெளியாளு யாரு வந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது. பேரு கேட்டாலும் சரி, சோறு தின்னியான்னு கேட்டாலும் சரி. தொறந்தீங்க, எல்லாரையும் புடிச்சிட்டுப் போயிருவாங்க. மலையில எங்க இருந்தோம்னு செத்தாலும் சொல்லக்கூடாது." பிறகு என் பக்கம் திரும்பி, "அவன் மறந்தாலும் நீ மறக்கக்கூடாது" என்றாள்.

நான்காம் நாள் தம்பிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது.

மருந்துக்காரர் வெள்ளைத் தண்ணீர் கொடுத்தார். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் மாதுளந்தோல் அவித்துக் கொடுத்தார்கள். நிற்கும், இரண்டு நாளில் திரும்ப வரும். வயிறு பானையாக ஊதியது, கால் குச்சியானது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினான். மெல்ல மெல்ல அவனுடைய பேச்சும் குறைந்தது. பெண்களை நிறுத்தி விசாரிப்பது நின்றுபோனது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் எடுத்தான். ஒன்று இரண்டு என்று இருபது வரை எண்ணிக்கொண்டிருந்தவன் ஏழில் நின்று, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். எட்டு எங்கே போனது என்று என்னிடம் கேட்பது போல இருந்தது.

"வயித்து வியாதி புத்தியத் திங்குது" என்று இஸ்தோப்பில் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே இருந்து கேட்டேன். வயிற்றுக்குள் போன தண்ணீர் தலைக்கு எப்படி ஏறும் என்று யோசித்தேன். கானில் துள்ளியதே, அது ஒவ்வொன்றாக அவனுடைய எண்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். எட்டைத் தின்றுவிட்டது. அடுத்தது ஏழு. எல்லாம் தீர்ந்ததும் அவனையே தின்னும். அவன் தூங்கும்போது வயிற்றில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே கடகடவென்று ஓடும்.

ஃபாக்டரிக்குப் பக்கத்து ரோதமுனி சாமிக்கு, தம்பியைக் காப்பாற்றினால் பெரியவளானதும் சேவல் கொடுப்பதாக வேண்டிக்கொண்டேன். முனிக்கு அத்தனை வருஷம் பொறுமை இருக்குமா என்று சந்தேகம் வந்தது. அதனால் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அதே கானுக்கு ஏறினேன். அதே குழியில் அதே மாதிரி அள்ளி நானும் குடித்தேன். எனக்கும் வந்தால் அவனுக்குப் பாதி குறையும் என்று ஒரு கணக்கு. மூன்று நாள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகப் பசித்தது. அந்தப் பசியைப் போல ஒரு வெட்கத்தை நான் பிறகு அனுபவித்ததில்லை.

இப்போது நினைத்தால் வேறொன்று தோன்றுகிறது. எங்கள் லயம் முழுவதும் தண்ணீர் பிடித்தது ஒரே பீலியில். மூங்கிலைப் பிளந்து ஓடையிலிருந்து இழுத்த தண்ணீர். அந்த ஓடைக்கு மேலே மேல் லயம். மேல் லயத்தில் இருபத்து நான்கு குடும்பத்துக்கு நான்கு கக்கூஸ், அதில் இரண்டுக்குக் கதவில்லை. கதவில்லாததால் பெண்கள் ஓடைக்கரைக்குப் போனார்கள். அந்தத் தண்ணீரைத்தான் பிறந்த நாள் முதல் குடித்தோம், பால்மாவையும் அதில்தான் கரைத்தோம். எங்கள் லயத்தில் அம்மாமார் பிள்ளைகளை எண்ணும்போது, இருப்பவர்களை ஒரு கையிலும் போனவர்களை மறு கையிலும் எண்ணுவார்கள். நான் மட்டும் இரண்டு கை அளவு கான் தண்ணீரை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன். தினமும் நடப்பதன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

அப்படியிருக்கும்போதுதான் ஜீப் வந்தது.

கண்டிப் பக்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற டாக்டர் ஒருவர், சின்னப் பிள்ளைகளின் வயிற்று வியாதியைப் பார்க்க வருகிறார் என்று கங்காணி முதல் நாளே சொல்லிப் போனார். வீட்டுக்கு வீடு மூடி போட்ட சின்ன டப்பா வந்தது. காலையில் பிள்ளையின் மலத்தைக் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டுமாம். லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "இத்தன வருஷம் தோட்டத்துக்கு ஒழச்சதுல அது ஒன்னுதான் நமக்குன்னு மிஞ்சிச்சு. அதையும் கேட்டு ஆள் அனுப்பிட்டாங்க" என்றார் மாமா. கலவரத்துக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

டப்பாவில் பெயர் எழுத வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது. கலவரத்தில் டவுனில் கையில் லிஸ்டோடு வந்துதான் வீடு வீடாகத் தேடினார்களாம் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். அப்பா அதிகம் பேசாதவர். டப்பாக்களைக் கொண்டுவந்த பெண்ணிடம், "பேரு வேணாங்க, வீட்டு நம்பர் மட்டும் போடுங்க" என்றார்.

அந்தப் பெண் பேராதனையில் படிக்கிற யாழ்ப்பாணத்து அக்கா. டாக்டருக்கு மொழிபெயர்க்க வந்திருந்தார். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். நெற்றியில் பொட்டில்லை. அப்பாவை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஓம் ஐயா, நம்பர் மட்டும் காணும்" என்று சொல்லி, ஏற்கனவே எழுதிய பெயர்களையும் எச்சில் தொட்டு அழித்தார்.

மறுநாள் புள்ளக்காம்பராவில் சோதனை. பெற்றவர்கள் மலைக்குப் போனதும் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அம்மாவுக்கு அரைநாள் பெயர், அதாவது அரைநாள் கூலி, போய்விடும் என்பதால் பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னை அனுப்பினாள். தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு போனேன். பானை வயிற்றோடும் அவன் அத்தனை லேசாக இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. வாசலில் அம்மா மறுபடியும் சொல்லியிருந்தாள். "சட்டம் ஞாபகம் இருக்கா புள்ள?"

டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. நரைத்த கொண்டை, கண்ணாடி. தம்பியின் வயிற்றை அமுக்கி, கண்ணிமையை இழுத்து, நாக்கைப் பார்த்து, "பவ்" என்றார். பாவம் என்று அர்த்தம். அவர் கை மிருதுவாக இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிறகு மேசையில் படங்களைப் பரப்பினார். மாடு, குடை, உட்காரும் கதிரை, அலுமாரி. யாழ்ப்பாணத்து அக்கா பக்கத்தில் குந்திக்கொண்டு, "தம்பி, இதென்ன சொல்லுங்கோ பாப்பம்" என்றார். தம்பி படத்தைப் பார்த்தான். மாட்டை அவனுக்குத் தெரியும். அதன் குரலில் கத்தவும் தெரியும். அவன் வாய் லேசாகத் திறந்தது. உடனே நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

நான் தலையை ஆட்டினேன். கூடாது.

அவன் வாயை மூடிக்கொண்டான். குடைக்கும் அப்படித்தான். கதிரைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு படத்துக்கும் என் முகத்தைப் பார்த்தான், நான் தலையை ஆட்டினேன். டாக்டர் நிறக் கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா பின்னாலிருந்து, "அவன் மந்தமாயிட்டான் மிஸ். நல்லாப் பேசிக்கிட்டிருந்த புள்ள" என்றார். டாக்டர் தாளில் எதையோ எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

அக்கா என்னிடம் திரும்பினார். "இவருக்கு எத்தினை நாளா வயித்தாலை போகுது? எப்ப துடங்கினது? அதுக்கு முந்தி என்ன சாப்பிட்டவர், என்ன குடிச்சவர் எண்டு தெரியுமோ? வடிவா யோசிச்சுச் சொல்லும் பிள்ளை. தெரிஞ்சாத்தான் டொக்டர் சரியான மருந்து குடுப்பா. இல்லாட்டி பெரியாஸ்பத்திரியிலை கொண்டுபோய் வைக்க வேணும்."

பெரியாஸ்பத்திரி கீழே, டவுனைத் தாண்டி. அந்த ரோட்டின் வளைவில் எரிந்த பஸ் ஒன்று இன்னும் கிடந்தது. அந்த வழியாகப் போன பெட்டிக்கடைக்காரர் மகன் திரும்பி வரவில்லை. தம்பியை அங்கே கொண்டுபோனால் அவன் வரமாட்டான். கொண்டுபோகாவிட்டால் கான் தண்ணீர் அவனைத் தின்றுவிடும். சரியான மருந்து வேண்டுமென்றால் சரியான காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாரையும் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒன்பது வயதுத் தலைக்கு அது பெரிய சுமை. எனக்கு மூத்திரம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன். தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "ஊரடங்குச் சட்டம் போட்ட வாரம் மிஸ். மேல் மலையில மானாப்புல்லுல ஒளிஞ்சிருந்தோம். லொறியில ஆளுங்க வந்தாங்க. தம்பி அழுதான். அம்மா வாயப் பொத்துனாங்க. நான்தான் கான் தண்ணிய அள்ளிக் குடுத்தேன். அதுல பூச்சி இருந்திச்சு. அம்மாவுக்குத் தெரியாது. அவனுக்குப் பேசத் தெரியும் மிஸ், மாடு தெரியும், பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கு."

அக்காவின் முகத்தில் ஏதோ வடிந்துபோனது. என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது.

டாக்டர் சிங்களத்தில், பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அக்கா மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்காவின் சிங்களத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. ஊரடங்கு போட்ட வாரம் என்றது புரிந்தது. மலை என்றது புரிந்தது. கான் தண்ணீர், பூச்சி என்றதும் புரிந்தது. நடுவில் லொறி வரவில்லை. ஆட்கள் வரவில்லை. அவற்றுக்குப் பதிலாக 'வெஸ்ஸ' என்ற சொல் இரண்டு தடவை வந்தது. வெஸ்ஸ என்றால் மழை. அது எனக்கு நன்றாகத் தெரியும். மலைக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கி நின்ற நேரத்தில் கான் தண்ணீரைக் குடித்துவிட்டான், புதியவர்களைக் கண்டால் வெட்கப்படுகிற பிள்ளை. அக்கா சொன்னது இவ்வளவுதான்.

அக்கா தப்பாகச் சொல்கிறார். தப்பான காரணத்துக்குத் தப்பான மருந்துதான் கிடைக்கும். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "மழைதானே பிள்ளை? ஓம் எண்டு சொல்லும்" என்றார்.

ஓம் என்றேன். ஆமா என்று பேசும் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத ஓம்.

டாக்டர் பேனாவைத் தாளில் வைத்தபடி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "வெஸ்ஸ" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மேல் மலையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளில் எழுதினார். படங்களைக் காட்டி எழுதிய தாளை எடுத்து இரண்டாகக் கிழித்து, மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரியாஸ்பத்திரி வேண்டாம், மருந்தை இங்கேயே தருகிறேன், இரண்டு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன் என்றார். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். அதற்கு விறகுக்கு எங்கே போவது என்று கேட்க அங்கே பெரியவர்கள் யாரும் இல்லை.

அந்த மருந்தை ஒவ்வொரு வேளையும் பயந்து பயந்துதான் கொடுத்தேன். மழைநாள் கான் தண்ணீருக்கான மருந்து வெயில்நாள் கான் தண்ணீரை என்ன செய்யும்? மூன்றாம் நாள் தம்பியின் வயிற்றிலிருந்து நீள நீளமாகப் புழுக்கள் விழுந்தன. அம்மா அவற்றைக் குச்சியால் தள்ளி மண் போட்டு மூடினாள். ஒரு வாரத்தில் சோறு கேட்டான். இரண்டு வாரத்தில், நான் அவன் எண்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, தானாக எட்டைச் சொன்னான். ஒன்பதுக்குப் போகாமல் எட்டையே திரும்பத் திரும்பச் சொன்னான். அன்று நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதேன். அம்மா காரணம் கேட்டாள். பசிக்கிறது என்றேன்.

அவன் முன்னைப் போல எல்லாரையும் நிறுத்தி விசாரிக்கிற பிள்ளையாகத் திரும்பவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தான். புழு தின்றதா, பட்டினி தின்றதா, அன்று வாயைப் பொத்திய கை தின்றதா என்று பிரித்துச் சொல்ல எந்த டப்பாவாலும் முடியாது. இன்றைக்கும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். அதையும் முதலில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வான்.

ஆனால் அப்போது எனக்கு எட்டே போதுமாக இருந்தது. தம்பி சாகமாட்டான் என்று தெரிந்த மறுநாள் காலை, பீலியில் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களிடம் பெரிய மனுஷி மாதிரி கதை சொன்னேன். அந்த டாக்டரம்மா அவ்வளவு படித்தவர், கண்ணாடியெல்லாம் போட்டிருக்கிறார், ஆனால் ஒன்றும் தெரியாது. ஊரடங்குச் சட்டம் போட்ட வாரம் மழை பெய்தது என்று அந்த அக்கா சொன்னதை அப்படியே நம்பி எழுதிக்கொண்டார். அந்த வாரம் எப்படி வெயில் அடித்தது, மலையிலும் டவுனிலும் ஒரு துளி விழவில்லை, கண்டியில் இருப்பவருக்கு அதுகூடவா ஞாபகம் இல்லை என்று சொல்லிச் சிரித்தேன்.

வரிசையில் நின்ற ஒருத்தியும் சிரிக்கவில்லை. முன்னால் நின்றவள் தன் குடத்தை நகர்த்தி, என்னை முதலில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.